பதினேழு அழுத்தல்

காவேரிப்பட்டணத்தில் போன மாதம் மாட்டிய டிவி,
நாற்பத்து மூன்று அங்குலம்.
சுவரில் நான்கு ஓட்டை, வைஃபை, கடவுச்சொல்.
கையெழுத்து வாங்கினால் என் வேலை முடிந்தது.
கோமளா போடவில்லை.
அட்டைப்பெட்டியின் ஓரத்தில்
தையல் சாக்பீஸால் எழுதிக் காட்டினாள்:
கை நியூஸ் எங்கே?

புரியக் கொஞ்ச நேரம் ஆனது.
காது கேளாதவள். ரவிக்கை தைக்கிறாள்.
அரசு சானலில் செய்தியைக்
கையால் சொல்வார்களே, அது.
பழைய பெட்டியில் அதற்கு ஓர் எண் இருந்தது.
இருட்டில் ஊசி கோக்கிற மாதிரி
விரலே போய் அழுத்திவிடும்.

இதில் எண் இல்லை.
ரிமோட்டின் அடியில் நான்கு பொத்தான்,
நான்கு கம்பெனிப் பெயர்,
சிவப்பு, நீலம், ஊதா, இன்னொரு நீலம்.
திரையைப் போட்டால் கத்தியோடு ஒருவன்.
கீழே. காதலிக்கிறார்கள்.
கீழே. யாரோ கேக் வெட்டுகிறார்கள்.
கீழே, கீழே.
பதினேழு முறை இறங்கிய பிறகு
‘மற்றவை’ என்ற வரிசையின் கடைசியில்
சின்னதாய் ஒரு கட்டம்.

கம்பெனிப் பையனுக்குப் போன் போட்டேன்.
“முதல் வரிசை விலைக்குண்ணா.
காசு குடுத்தவன் முன்னால உக்காருவான்.
சட்டத்துல இதுக்கு ஒண்ணும் இல்ல.”

இருந்தது.
பதினொரு வருடம்
ராயக்கோட்டை ரோட்டில் கேபிள் இழுத்தவன் நான்.
அரசு சானலை விட்டுவிட்டு இழுத்தால்
மிஷினைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று பயம்.
அந்தச் சட்டம் வயரைத்தான் பார்த்தது.
வயரைக் கழற்றிய பிறகும்
கம்பத்தடியில் நின்று
அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது.

“நீ பாக்கறியா அத?” என்றாள் வீட்டில் மாரக்கா.
இல்லை.
பாதி நேரம் ரிப்பன் வெட்டு, மீதி நேரம் மாலை.
முன்னால் நாற்காலி போட்டால்
யார் ஓடிவந்து அதில் உட்காருவார்கள் என்று
எனக்குத் தெரியாமல் இல்லை.
அதற்கும் சேர்த்துத்தான் ஏதாவது எழுதவேண்டும்,
எப்படி என்று தெரியவில்லை.

வாரச்சந்தையில் எல்லா இடமும் ஏலம்.
முகப்பு தக்காளி மண்டிக்கு,
நிழல் வெற்றிலைக்காரருக்கு.
குடிதண்ணீர்க் குழாயை மட்டும் ஏலம் விடுவதில்லை.
அதை மறைத்துப் பந்தல் போட்ட திம்மராயனை
அன்றைக்கே எழுப்பிவிட்டார்கள்.
தண்ணீர் அப்படியொன்றும் ருசி இல்லை.
உப்பு.

கார்த்திகையில் அணை திறந்த இரவு
ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப் போனார்கள்,
ஆற்றோரம் இருப்பவர்கள் மேடேறச் சொல்லி.
தெரு முழுக்கக் கேட்டது, ஒரு வீட்டைத் தவிர.
அந்த வீட்டின் பழைய பெட்டியில்,
தபால்தலை அளவு சட்டத்துக்குள்,
கறுப்பு உடுப்பில் ஒரு பெண்
இரண்டு கையாலும் தென்பெண்ணையை
மார்பு வரை உயர்த்திக் காட்டினாள்.
கோமளா மிஷினைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு
மகனை எழுப்பினாள்.
இதை அவள் சொல்லவில்லை.
சுவரில் சேறு நின்ற கோட்டைக் காட்டி,
பிறகு டிவி இருந்த இடத்தைக் காட்டினாள்.

புதுச் சட்டம் எழுதுகிறார்களாம்,
முப்பது நாளுக்குள் யாரும் கருத்துச் சொல்லலாமாம்.
பாலத்தோரம் வண்டியை நிறுத்திப் போனில் திறந்தேன்.
நீங்கள் யார் என்று கேட்டது:
நிறுவனம், சங்கம், வல்லுநர், மற்றவை.
மற்றவையைத் தொட்டேன்.
ஐயா, ஒரு பொத்தான் வேண்டும் என்று தொடங்கி,
அழித்து,
ஐயா, பதினேழு முறை என்று எழுதினேன்.

நேற்று கையெழுத்துக்குத் திரும்பப் போனேன்.
ராத்திரி டிவி தன்னையே புதுப்பித்துக்கொண்டதாம்.
தையல் மிஷின் பலகையில்
சாக்பீஸில் எழுதியிருந்த பதினேழை அடித்து,
பக்கத்தில் இருபத்திரண்டு.
அதற்கும் பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி.